பார்சலில் வந்த முட்டை: வாசகர் கேள்விகள்

கேள்வி: கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் 12 முட்டை எடுப்பித்து, வந்த கையோடு இன்குபேட்டரில் வைத்தேன். மூன்றுதான் பொரித்தன. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா? (களுவாஞ்சிகுடி)

பழியை விற்றவர் மேல் போடாதீர்கள். வந்த கையோடு வைத்தது உங்கள் பிழை. இதை எத்தனை தரம் எழுதினாலும் அதே கடிதம்தான் திரும்ப வருகிறது. பஸ் குலுக்கத்தில் முட்டையின் மொட்டைப் பக்கத்துக் காற்றறை, அதாவது ஓட்டுக்குள் காற்று நிற்கும் சிறு இடம், பிடிவிட்டுப் போகும். இருட்டில் டோர்ச் அடித்து முட்டையை மெல்லச் சரியுங்கள். காற்றறை, மேசன்மாரின் நீர்மட்டக் குமிழி போல ஓடினால் பிடிவிட்டது என்று அர்த்தம். கூர்முனை கீழிருக்க அட்டைத் தட்டில் வைத்து, வெயில் படாத அறையில் ஒரு நாள் முழுக்க அசையாமல் விடுங்கள். பிறகு அப்படியே நிமிர்த்தியபடி இன்குபேட்டருக்குள் வையுங்கள். முதல் மூன்று நாள் திருப்பவே வேண்டாம். நாலாம் நாளிலிருந்து தட்டின் ஒரு பக்கத்துக்குக் கட்டை கொடுத்துச் சரித்து, நாளைக்கு மூன்று தரம் பக்கம் மாற்றுங்கள். 18ஆம் நாளோடு நிறுத்துங்கள். முட்டையைக் கிடத்தி உருட்டுகிற தட்டு இதற்கு ஆகாது. இவ்வளவும் செய்து பாதி பொரித்தாலே நல்ல விளைச்சல்.

கேள்வி: எச்சம் பட்ட முட்டையைக் கழுவலாமா? (ஏறாவூர்)

கூடாது. ஓட்டின் மேற்பூச்சு போனால் கிருமி உள்ளே போகும். காய்ந்த எச்சத்தை மெல்லச் சுரண்டுங்கள். மோசமாக அழுக்கானதை வைக்கவே வேண்டாம்.

கேள்வி: எத்தனை பாகை வைப்பது? (அக்கரைப்பற்று)

உங்கள் கருவியில் காற்றாடி உண்டா என்று எழுதவில்லையே! உண்டென்றால் 37.5. இல்லையென்றால் முட்டையின் மேல்மட்டத்தில் 38.5 அளவு. கருவி காட்டும் இலக்கத்தை நம்பாமல், காய்ச்சல் பார்க்கும் தெர்மோமீட்டரை உள்ளே வைத்து ஒத்துப்பாருங்கள்.

கேள்வி: ஏழாம் நாள் டோர்ச் அடித்தால் சிவப்பு வளையம் தெரிகிறது. (திருக்கோவில்)

கரு செத்துவிட்டது. எடுத்துவிடுங்கள், விட்டால் அழுகி வெடிக்கும்.

கேள்வி: தண்ணீர் எவ்வளவு வைக்க வேண்டும்? (வாழைச்சேனை)

ஈரப்பதம் 18ஆம் நாள் வரை 45 வீதம், பிறகு 65 முதல் 70 வரை. கச்சான் அடிக்கும் மாதங்களில் கிண்ணம் சீக்கிரம் வற்றும், அடிக்கடி பாருங்கள். மாரியில் முதல் 18 நாளும் தண்ணீரே தேவைப்படாமல் போகலாம். காற்றறை நாளுக்கு நாள் பெருக்காவிட்டால் ஈரம் கூடிவிட்டது.

கேள்வி: அடைக்கோழிக்கு வைக்கலாமா? (செங்கலடி)

தாராளமாக. ஒரு நாள் ஆறவிட்ட பிறகு, காற்றறை பிடித்திருக்கும் முட்டைகளில் 10 மட்டும், இரவில் வையுங்கள். ஆடுகிற முட்டை இன்குபேட்டருக்குத்தான். கோழி தன்பாட்டுக்கு உருட்டும்.