முருங்கைக் கம்பளிப்புழுவும் தோட்டத்து நாயும்

கேள்வி: அரவக்குறிச்சிப் பக்கம் இரண்டு ஏக்கர் முருங்கை. மழைக்குப் பின் தூரில் கம்பளிப்புழு அப்பிக் கிடந்ததால் தீப்பந்தம் காட்டிக் கொன்றோம். மறுநாள் காலை கூட வந்த நாய் தூரடியை மோந்துவிட்டு, எச்சில் ஒழுக முகத்தை மண்ணில் தேய்க்கிறது. உதடும் தடித்துவிட்டது. புழுதான் செத்துவிட்டதே, பிறகு எப்படி?

பதில்: செத்த புழுவுக்கும் சுணை போகாது. அது கடிப்பதில்லை, உடம்பு மயிர்தான் குத்துகிறது. உரித்துப் போட்ட தோலிலும் அதே மயிர் உண்டு. பந்தத்தில் அரைகுறையாகக் கருகி உதிர்ந்தவை சருகில் கிடக்கும். நாய் மூக்கை வைப்பதும் அங்கேதான்.

முகத்தைத் துணியால் துடைக்காதீர்கள். மயிர் ஒடிந்து இன்னும் உள்ளே இறங்கும். கையுறை போட்டு, தலையைத் தாழ்த்திப் பிடித்து, வாயின் பக்கவாட்டில் தண்ணீர் விட்டு வெளியே வழிய விடுங்கள். அண்ணாந்து பிடித்தால் சுணை தொண்டைக்குப் போகும். முன்னங்கால்களையும் கழுவுங்கள், அந்தக் காலால்தான் மறுபடி முகத்தைப் பிராண்டும். மூக்கு மேல் முடியில் ஒட்டியதை செல்லோ டேப் ஒட்டி எடுக்கலாம். நாக்கிலும் கண்ணிலும் வேண்டாம். புழுவை விழுங்கியிருந்தாலும் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், ஏறி வரும்போது மறுபடி குத்தும். வீட்டிலுள்ள பாரசிட்டமால், இபுபுரூபன் நாய்க்கு ஆகவே ஆகாது. உதடு தடித்திருப்பதால் இன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நாக்கு வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

இந்தப் புழு இரவில் ஏறி இலை தின்னும், பகலில் தூரில் கூட்டமாக ஒட்டிக்கிடக்கும். காலை நடையில் நாயின் மூக்குக்கு நேராக இருப்பது அதனால்தான். தோப்பு சுத்தமாகும்வரை குட்டைக் கயிற்றில் பிடித்து, மரவரிசைக்குள் விடாமல் வண்டிப்பாதையில் கூட்டிப்போங்கள்.

மறுபடி பந்தம் காட்டுவதானால் நாயைத் தொலைவில் கட்டிவிட்டு, காற்றில்லாத நேரத்தில், தூரைச் சுற்றிப் பழைய சாக்கு விரித்துச் செய்யுங்கள். பந்தம் ஒரே இடத்தில் நின்றால் பட்டை வெந்துபோகும். விழுந்ததை விளக்குமாற்றால் பெருக்கினால் சுணை பறக்கும். தண்ணீர் தெளித்து, சாக்கோடு சுருட்டி ஆழமாகப் புதையுங்கள். முழுக்கைச் சட்டையும் முகக்கவசமும் உங்களுக்கு.

பந்தத்தைவிட மீன் எண்ணெய் ரோசின் சோப்புக் கரைசலைப் புழு மேல் தெளிப்பது நல்லது: லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் சோப்பு, 10 லிட்டர் தெளிப்பான் டேங்குக்கு 250 கிராம். முதலில் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றாவிட்டால் நாசில் அடைக்கும். இதிலும் செத்து விழுவதை அள்ளித்தான் ஆகவேண்டும். அடுத்த மழை பெய்ததும் ஹெக்டேருக்கு ஒரு விளக்குப்பொறி (வெளிச்சம் காட்டிப் பூச்சி பிடிக்கும் பொறி) வைத்தால், இந்தப் புழுவின் தாய் அந்துப்பூச்சி முட்டையிடுமுன் சிக்கும்.