வாசகர் கேள்வி பதில்: ஆபீஸுக்கும் டிசைனுக்கும் ஒரே கணினி

கேள்வி: சின்ன அலுவலகம் வைத்திருக்கிறேன். பகலில் எக்செல், பில், மின்னஞ்சல், பிரவுசரில் எப்போதும் பதினைந்து இருபது டேப் திறந்திருக்கும். மாலையில் ஃபோட்டோஷாப்பிலும் கோரல்டிராவிலும் பேனர், விசிட்டிங் கார்டு, நோட்டீஸ் போடுகிறேன். இருக்கும் கணினி ரொம்பத் திணறுகிறது. கடைக்காரர் இன்டெல் ஐ7 ப்ராசஸர் வாங்கச் சொல்கிறார். நண்பரோ கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் டிசைன் வேலையே நடக்காது என்கிறார். கையில் பணம் குறைவு. யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இருவரையும் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்கள். முதலில் கேட்க வேண்டியது உங்கள் மேசையில் இருக்கும் கணினியைத்தான். வேலை உச்சத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து, வழக்கமாகத் திறந்து வைப்பதை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சி.பி.யூ. (ப்ராசஸர்), மெமரி (ரேம்), டிஸ்க் என்று தனித்தனியாகக் காட்டும். கணினி திணறுகிற அந்த நிமிடத்தில் இவற்றில் எது உச்சியில் போய் முட்டி நிற்கிறது என்று பாருங்கள், இரண்டு மூன்று நாள் பார்த்துக் குறித்து வையுங்கள். நான் பார்த்த ஆபீஸ் கணினிகளில் பெரும்பாலும் மெமரி நிரம்பி டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கும், ப்ராசஸரோ வேலை வருமா என்று காத்துக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஐ7 போட்டு என்ன பயன்?

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏ4 அளவில் 300 டி.பி.ஐ.யில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், ஒரு டிசைன் என்றால் 2480-க்கு 3508 பிக்சல், அதாவது சுமார் 87 லட்சம் பிக்சல். அச்சுக்கான சி.எம்.ஒய்.கே. என்ற நான்கு மை முறையில் ஒரு பிக்சலுக்கு 4 பைட். ஆக, பக்கம் முழுக்க நிரம்பிய ஒரு லேயர் (டிசைனின் ஓர் அடுக்கு) மட்டுமே ஏறக்குறைய 35 எம்.பி. பிடிக்கும். அப்படி இருபது லேயர் இருந்தால் 700 எம்.பி. அதற்கு மேல், நீங்கள் அன்டூ செய்து பின்னால் போவதற்காக ஃபோட்டோஷாப் சேர்த்து வைக்கும் பழைய நிலைகள் வேறு. இதெல்லாம் ரேமில் கொள்ளாதபோது மிச்சத்தை டிஸ்க்கில் எழுதுவதும் திரும்பப் படிப்பதுமாக இருக்கும். அந்த டிஸ்க் பழைய ஹார்டு டிஸ்க் என்றால் நொடிக்கு 100 முதல் 200 எம்.பி. போனாலே பெரிது, அதுவும் சிதறிக் கிடக்கும் தகவலைத் தேடிப் படிக்கும்போது இன்னும் மோசம். சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. டிஸ்க்கில் சாட்டா வகை நொடிக்கு 500 எம்.பி.யைத் தாண்டும். அதைவிட வேகமான என்.வி.எம்.இ. வகையில் சாதாரணமானதே 2000 எம்.பி.க்கு மேல் போகும். உங்கள் கணினியில் இன்னும் ஹார்டு டிஸ்க்கில்தான் விண்டோஸ் இருக்கிறது என்றால், புதிது வாங்குவதற்கு முன் ஒரு எஸ்.எஸ்.டி.யும் கூடுதலாக ஒரு ரேமும் போட்டுப் பாருங்கள். பலருக்கு அதிலேயே பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றால் 16 ஜி.பி. ரேம், 512 ஜி.பி. என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி., இந்த இரண்டிலும் குறைக்காதீர்கள். ஃபோட்டோஷாப்புக்குக் குறைந்தபட்சம் 8 ஜி.பி. என்றும், 16 ஜி.பி. இருந்தால் நல்லது என்றும் அதைத் தயாரிக்கும் அடோபியே சொல்கிறது. நீங்கள் பிரவுசரையும் எக்செல்லையும் மூடாமல் டிசைன் செய்கிறவர், அதனால் 8 போதாது. ஒரே 16 ஜி.பி. ரேமைவிட 8 ஜி.பி. ரேம் இரண்டாகப் போடுவது நல்லது. ப்ராசஸர் இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் படிக்கும், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆனால் மதர்போர்டில் ரேம் மாட்ட நான்கு ஸ்லாட் இல்லாமல் இரண்டே இருந்து, பின்னால் 32-க்குப் போகும் எண்ணமும் இருந்தால், ஒரே 16 வாங்கி ஒரு ஸ்லாட்டைக் காலியாக விடுவதும் தப்பில்லை.

ஐ7 விஷயத்துக்கு வருகிறேன். ஐ5, ஐ7 என்ற பெயர் மட்டும் எதையும் சொல்லாது. அதற்குப் பின்னால் வரும் எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. 2011-இல் வந்த ஐ7-2600, 2022-இல் வந்த ஐ3-12100, இரண்டிலும் கோர் (ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) நான்குதான். ஆனால் ஒரு கோருக்கான வேகத்தில் அந்த ஐ3 இந்த ஐ7-ஐ வெகு தூரம் பின்னால் விட்டுவிடும். ஃபோட்டோஷாப்பிலும் கோரல்டிராவிலும் நாம் கையால் செய்யும் பெரும்பாலான வேலைகளுக்கு இந்த ஒரு கோர் வேகம்தான் முக்கியம், நிறைய கோர் இருந்தால் பலன் கிடைப்பது வீடியோ, 3டி மாதிரி வேலைகளில். ஆகவே 12-ஆம் தலைமுறை (எண் 12 என்று தொடங்குவது) அல்லது அதற்குப் பிந்தைய ஐ3 அல்லது ஐ5, ஏ.எம்.டி. என்றால் ரைசன் 5 5600ஜி மாதிரி ஒன்று, உங்கள் வேலைக்குத் தாராளம்.

கிராபிக்ஸ் கார்டு? நீங்கள் செய்வது பேனரும் கார்டும். ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் போதும். வீடியோ எடிட்டிங், 3டி, ஏ.ஐ. படம் என்று போனால்தான் தனி கார்டு. ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள்: இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசஸரின் பெயர் எஃப் என்று முடிந்தால், ஐ5-12400எஃப் மாதிரி, அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. விலை குறைவாக இருக்கிறதே என்று அதை வாங்கிவிட்டால் திரையில் படம் வருவதற்கே தனி கார்டு வாங்க வேண்டி வரும்.

அப்புறம் பேனர் பற்றி. 10 அடிக்கு 6 அடி பேனரை 300 டி.பி.ஐ.யில் திறக்கிறீர்களா? அப்படியானால் 36,000-க்கு 21,600 பிக்சல், ஒரு லேயரே 3 ஜி.பி.யைத் தாண்டுகிறது. ஃபோட்டோஷாப்பின் சாதாரண பி.எஸ்.டி. கோப்பு நீளத்திலும் அகலத்திலும் 30,000 பிக்சல் வரைதான் ஏற்கும், அதிலும் அடங்காது. தூரத்திலிருந்து பார்க்கும் பேனருக்கு 72 முதல் 100 டி.பி.ஐ. போதும். 72-இல் அதே லேயர் 180 எம்.பி.க்குள் முடிந்துவிடும். இதற்கு ஒரு காசும் செலவில்லை, இன்றைக்கே செய்து பார்க்கலாம்.

கேள்வி: திரையில் பளிச்சென்று இருக்கும் பச்சையும் நீலமும் அச்சில் மங்கி வருகின்றன. வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வருகிறார்கள். நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது. தயவுசெய்து அதற்குச் செலவு செய்யாதீர்கள். இது எனக்கே நடந்திருக்கிறது என்பதால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். ஆரம்ப காலத்தில் பணத்தை எல்லாம் கணினிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, மிச்சத்தில் கிடைத்த மலிவான மானிட்டரை வாங்கினேன். ஒரு அட்டைப்படத்தின் பின்னணிக்கு இளம் பச்சை வைத்து மணிக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் செய்தேன். அச்சாகி வந்தபோது அது பாசி நிறத்தில் இருந்தது. அச்சகத்தாரைக் கோபித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து அதே கோப்பைத் திறந்து, நாற்காலியில் சற்றுச் சரிந்து உட்கார்ந்து பார்த்தால், அதே திரையில் அதே பச்சை வேறாகத் தெரிந்தது! தலை அசைந்தால் நிறம் மாறும் டி.என். வகைத் திரை அது. அச்சகத்தார் மேல் ஒரு தவறும் இல்லை. மறுநாளே போய் மன்னிப்புக் கேட்டேன்.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் மானிட்டருக்குப் பணம் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் பெட்டியை முடிவு செய்யச் சொல்கிறேன். பெட்டியை நாலைந்து வருடத்தில் மாற்றிவிடுவோம், நல்ல மானிட்டர் அதற்கு அடுத்த பெட்டியோடும் வேலை செய்யும். வாங்கும்போது பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐ.பி.எஸ். திரையா, திரைகளுக்கான பொது நிற அளவுகோலான எஸ்.ஆர்.ஜி.பி. எவ்வளவு சதவீதம் என்ற இரண்டையும் கேளுங்கள், சதவீதம் 99 அல்லது 100 என்று இருக்க வேண்டும். விவரத் தாளில் 45 சதவீதம் என்.டி.எஸ்.சி. (இன்னொரு நிற அளவுகோல்) என்று போட்டிருந்தால் டிசைனுக்கு வேண்டாம், எஸ்.ஆர்.ஜி.பி. நிறங்களில் மூன்றில் ஒரு பங்கு அதில் வரவே வராது. அளவைப் பொறுத்தவரை 24 அங்குலத்தில் 1920-க்கு 1080 சரி. 27 வாங்கினால் 2560-க்கு 1440 வேண்டும், இல்லையென்றால் எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும்.

நல்ல மானிட்டர் வந்த பிறகும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது; திரையில் வரும் மின்னும் நீலமும் கண்ணைப் பறிக்கும் பச்சையும் நான்கு மைகளைக் கலந்து கிடைக்காதவை. ஃபோட்டோஷாப்பில் வியூ மெனுவில் புரூஃப் கலர்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அச்சில் ஏறக்குறைய எப்படி வரும் என்று காட்டும். வாடிக்கையாளருக்குக் காட்டும் முன் அதைப் போட்டுக் காட்டுங்கள். மானிட்டர் வெளிச்சத்தை முழுசாக ஏற்றி வைத்திருந்தால் குறையுங்கள், ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்தில் பிடித்து இரண்டும் ஏறக்குறைய ஒரே வெண்மையாகத் தெரியும் வரை.

கேள்வி: லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா? வீட்டிலிருந்தே வேலை, எப்போதாவது வெளியே எடுத்துப் போவேன்.

பதில்: எப்போதாவது என்றால் டெஸ்க்டாப். அதே பணத்துக்கு வேகமும் நல்ல திரையும் கிடைக்கும், பழுதானால் பழுதான பாகத்தை மட்டும் மாற்றலாம்.

லேப்டாப்தான் வேண்டும் என்றால் ரேம் மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டதா என்று முதலில் கேளுங்கள். மெல்லிய மாடல்களில் அப்படித்தான் வருகிறது, வாங்கும் நாளில் இருந்ததுதான் கடைசி வரைக்கும். ப்ராசஸர் பெயரின் கடைசியில் யு என்றால் குறைந்த மின்சாரத்தில் ஓடுவது, பேட்டரி நிற்கும். எச் என்றால் வேகம், கூடவே சூடும். ஏ.எம்.டி.யில் முதல் எண்ணை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ரைசன் 5 7520யு என்பது பெயரில் 7000 வரிசை, உள்ளே இருப்பதோ 2019-இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. அந்த வரிசையில் மூன்றாவது எண்தான் உள்ளே எந்தத் தலைமுறை என்பதைக் காட்டும். திரையைப் பற்றி மேலே சொன்னது இங்கும் பொருந்தும், மலிவு லேப்டாப்களில் அந்த 45 சதவீதத் திரைதான் நிறைய வருகிறது.

கேள்வி: நிறுவனங்கள் பயன்படுத்திவிட்டு விற்கும் பழைய டெஸ்க்டாப் மலிவாகக் கிடைக்கிறது. நம்பி வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், பணம் குறைவாக இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வதே அதைத்தான். டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்.பி. எலைட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர் போன்றவை வருடக்கணக்கில் நாள் முழுக்க ஓடுவதற்காகவே செய்யப்பட்டவை. ஆனால் இன்டெல்லில் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் அநேகமாக 8-ஆம் தலைமுறை முதல்தான் ஏற்கும், ஏ.எம்.டி. என்றால் ரைசன் 2000 வரிசை முதல். விற்பவர் ஏதோ வழியில் விண்டோஸ் 11 ஏற்றிக் கொடுத்திருக்கலாம், அதனால் திரையில் தெரிவதை நம்பாமல் ப்ராசஸரின் எண்ணைப் பாருங்கள். ஐ5-8500 என்றால் 8, ஐ5-6500 என்றால் 6.

ரொம்பச் சின்னப் பெட்டியாக இருந்தால் பின்னால் பெரிய கிராபிக்ஸ் கார்டு உள்ளே நுழையாது, பவர் சப்ளையும் அந்த நிறுவனத்துக்கே உரிய அளவில் இருக்கும், வெளியில் கிடைப்பதை மாட்ட முடியாது. இடம் இருந்தால் டவர் வகையாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளே இருக்கும் பழைய டிஸ்க்கை நம்பி வாடிக்கையாளர் கோப்புகளை வைக்க வேண்டாம். புது எஸ்.எஸ்.டி. போட்டு, பழையதைக் கூடுதல் பேக்கப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஃபோட்டோஷாப்பில் யுனிகோடு தமிழ் தட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி உடைந்து வருகின்றன. கணினி பழசு என்பதாலா?

பதில்: இல்லவே இல்லை. ஃபோட்டோஷாப்பின் சற்றுப் பழைய பதிப்பு என்றால் பிரிஃபரன்ஸஸில் டைப் என்ற பகுதிக்குப் போய் வேர்ல்டு ரெடி லேஅவுட் என்பதைத் தேர்ந்தெடுங்கள், அதைவிடப் பழைய பதிப்பில் மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன் என்று இருக்கும். அப்புறம் புதிய கோப்பில் தட்டிப் பாருங்கள். இதற்காகக் கணினியை மாற்ற வேண்டியதில்லை.

கேள்வி: கணினிக்கே பணம் சரியாகப் போய்விடுகிறது. மென்பொருளுக்கு என்ன செய்வது? கிராக் பதிப்பு போட்டுத் தருகிறேன் என்கிறார் ஒருவர்.

பதில்: போடாதீர்கள். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்கள் வந்து சேரும் வழிகளில் இதுவும் ஒன்று. உங்கள் பில் கணக்கும் வாடிக்கையாளர் விவரமும் அதே கணினியில்தானே இருக்கின்றன. ஆபீஸ் வேலைக்கு லிப்ரேஆபீஸ் இலவசம். கோரல்டிராவில் செய்வது போன்ற வெக்டர் வேலைக்கு இங்க்ஸ்கேப், படத்துக்கு கிம்ப், வரைய கிரிட்டா, புத்தகம் கட்ட ஸ்கிரைபஸ், எல்லாமே இலவசம். கை பழக ஒரு மாதம் பிடிக்கும், முதல் வாரம் எரிச்சலாகவே இருக்கும். அச்சகம் கோரல்டிரா கோப்பாகவே கேட்டால் பி.டி.எஃப். ஏற்பார்களா என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஏற்பார்கள். மாதா மாதம் டிசைன் வருமானம் நிலையாக வர ஆரம்பித்ததும் சந்தா கட்டி வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: மேக் மினி வாங்கலாமா?

பதில்: 2024-இல் வந்த எம்4 மாடலில் ஆரம்பமே 16 ஜி.பி. ரேம், டிசைனுக்கு அருமையான கணினி, சத்தமும் இல்லை. ஆனால் ரேமைப் பின்னால் கூட்ட முடியாது, ஆரம்ப மாடலில் கோப்புகளுக்கு 256 ஜி.பி.தான் என்பதால் வெளியே ஒரு எஸ்.எஸ்.டி. மாட்ட வேண்டி வரும், மானிட்டரும் கீபோர்டும் தனி. ஃபோட்டோஷாப்பும் கோரல்டிராவும் மேக்கில் உண்டு. உங்கள் பில் மென்பொருள் உண்டா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள், விண்டோஸில் மட்டுமே ஓடுகிறது என்றால் மேக் வேண்டாம்.