தேர்தல் வன்முறை: கண்ணால் கண்டதை எப்படிப் பதிவு செய்வது?

கேள்வி: எங்கள் நாட்டில் இன்னும் மூன்று மாதத்தில் பொதுத் தேர்தல். ஒரு கண்காணிப்பு அமைப்பில் தன்னார்வலராகச் சேர்ந்திருக்கிறேன். போன தேர்தலில் எங்கள் பகுதியில் வீடு புகுந்து அடித்தார்கள். சிலரைக் காவல் நிலையத்தில் நாள்கணக்கில் வைத்திருந்தார்கள். யாரிடமும் உருப்படியான பதிவு இல்லை, அதனால் எதுவும் நடக்கவில்லை. இந்த முறை கையில் போனோடு போகிறேன். எதைப் பதிவு செய்வது, எப்படிச் செய்வது, யாரிடம் கொடுப்பது? என்னிடம் பேசுகிறவர்களுக்கு என்னால் ஆபத்து வந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது.

பதில்: கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். அந்தப் பயம் உங்களுக்கு இருப்பது நல்லது. பயமில்லாமல் குறிப்பேட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள்தான் எனக்குக் கவலை தருகிறார்கள்.

கென்யாவில் 2007 டிசம்பர் 27 அன்று அதிபர் தேர்தல் நடந்தது. 30ஆம் தேதி முடிவு வந்ததும் கலவரம் வெடித்தது. அடுத்த இரண்டு மாதத்தில் 1,100க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள், லட்சக்கணக்கானவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். நீதிபதி ஃபிலிப் வாக்கி தலைமையில் அமைந்த ஆணையம், முக்கியச் சந்தேக நபர்களின் பெயர்களை ஓர் உறையில் போட்டு முத்திரையிட்டு கோஃபி அன்னானிடம் ஒப்படைத்தது. அது 2009இல் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கில் சிக்கியவர்களில் இருவர் பின்னாளில் கென்ய அதிபர்களானவர்கள். கடைசியில் அவர்களில் உஹுரு கென்யாட்டா மீதான குற்றச்சாட்டுகள் 2014இல் திரும்பப் பெறப்பட்டன. வில்லியம் ரூட்டோ மீதான வழக்கு 2016இல் முடித்துவைக்கப்பட்டது. இருவரும் குற்றச்சாட்டுகளை மறுத்தார்கள். சாட்சிகளை மிரட்டினார்கள், பணம் கொடுத்து மாற்றினார்கள் என்று வழக்குத் தொடுத்த தரப்பு புகார் சொன்னது. சொன்னதைச் சாட்சிகள் மாற்றிச் சொன்னார்கள், சிலர் விலகிப்போனார்கள்.

அவ்வளவு பெரிய நீதிமன்றத்துக்கே சாட்சிகளைக் காப்பது இப்படிக் கஷ்டமாக இருந்தது. உங்கள் பையில் இருக்கும் நோட்டு யார் கையிலாவது சிக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எனவே சம்பவக் குறிப்பில் சாட்சியின் பெயர் வேண்டாம். ஓர் எண் போடுங்கள். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் வேறு இடத்தில், வேறு ஆளிடம் இருக்கட்டும். பல நேரங்களில் பெயரே தேவைப்படாது. தேவையென்றால், 'எங்கள் அமைப்புக்குள் மட்டும் வைத்துக்கொள்ளலாமா, தேர்தல் ஆணையத்துக்குக் கொடுக்கலாமா, நீதிமன்றத்துக்குப் போகலாமா, பத்திரிகையில் வரலாமா' என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றுக்குச் சரி என்றவர் எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவிட்டதாக ஆகாது. அப்புறம், 'உங்களுக்கு ஒன்றும் ஆகாது, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். நம்மால் பார்த்துக்கொள்ள முடியாது.

சரி, எப்போது தொடங்குவது? இன்றைக்கே. புதிய கண்காணிப்பாளர்கள் அத்தனை பேரும் வாக்குப்பதிவு நாளையே நினைத்துக்கொண்டிருப்பார்கள். பிலிப்பைன்ஸின் மகிந்தனாவ் மாகாணத்தில் 2009 நவம்பர் 23 அன்று 58 பேரைக் கொன்றார்கள், அதில் 32 பேர் பத்திரிகையாளர்களும் ஊடக ஊழியர்களும். ஆளுநர் பதவிக்கு ஒருவருடைய வேட்புமனுவைத் தாக்கல் செய்யப் போய்க்கொண்டிருந்த வாகன வரிசை அது. வாக்குப்பதிவோ 2010 மே மாதம்தான். ஜிம்பாப்வேயில் 2008 மார்ச் 29 முதல் சுற்று பெரிய ரத்தக்களறி இல்லாமல் முடிந்தது. அதிபர் தேர்தல் முடிவை அறிவிக்க ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தார்கள். அந்த இடைவெளியிலும், ஜூன் 27 இரண்டாம் சுற்றுக்கு முன்பும், முதல் சுற்றில் ஆளுங்கட்சிக்கு வாக்குக் குறைந்த கிராமங்களில் அடி, கடத்தல், தீவைப்பு என்று நடந்தது. எதிர்த்துப் போட்டியிட்ட மோர்கன் ஸ்வாங்கிராய் ஐந்து நாள் இருக்கும்போதே விலகிக்கொண்டார். அந்தத் தேர்தலில் வாக்குப்பதிவு நாளை மட்டும் பார்த்துவிட்டுப் போனவருக்குப் பாதிக் கதைகூடத் தெரிந்திருக்காது.

இன்னொன்று, சத்தமில்லாத நாளை அமைதியான நாள் என்று எழுதிவிடாதீர்கள். 2005 நவம்பரில் இலங்கை அதிபர் தேர்தலின்போது யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் சுமார் 1 விழுக்காடுதான். புலிகள் புறக்கணிப்பைத் திணித்திருந்தார்கள். வாக்குச்சாவடியில் நின்றவர் அன்று எதைப் பார்த்திருப்பார்? காலியான வராந்தாவை. அன்றைய செய்தியே அந்தக் காலியிடம்தான். ஆகவே மணிக்கு எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்ற எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டே இருங்கள். ஒன்றும் நடக்காத மணி நேரங்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள். ஒன்று திடீரென்று மாறும்போது, அதற்கு முன்பு எப்படி இருந்தது என்பது உங்கள் ஏட்டில் இருக்க வேண்டும்.

வாக்குப்பதிவுக்கு முந்தைய வாரங்களில் கவனிக்க வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள். வாக்காளர் அட்டையை யாராவது 'பத்திரமாக வைத்திருக்கிறோம்' என்று வாங்கிக்கொண்டு போகிறார்களா? ஒரு கட்சிக்குக் கிடைக்கும் மண்டபம் இன்னொரு கட்சிக்கு மட்டும் கடைசி நேரத்தில் 'பழுது' ஆகிறதா? நிவாரணப் பொருள் தரும் வரிசையில் கட்சி அட்டை கேட்கிறார்களா? யார் எங்கே எப்போது என்று எழுதுங்கள். தனியாகப் பார்த்தால் அற்பமாகத் தெரியும். முப்பது சேர்ந்தால் அவற்றுக்குள் ஒரு போக்கு தெரிய ஆரம்பிக்கும்.

இனி எழுதும் விதம். பயிற்சி வகுப்புகளில் நான் அதிகம் சண்டை போடுவது இதற்காகத்தான். 'அந்தக் கட்சி ரவுடிகள் வாக்காளர்களை அடித்து விரட்டினார்கள்' என்று ஒருவர் எழுதிக்கொண்டு வருவார். உண்மையாகவே இருக்கலாம், ஆனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரு நிமிடத்தில் கிழித்துப்போட்டுவிடுவார். அதே சம்பவத்தை இப்படி எழுதலாம். (இது நானே உண்டாக்கிய எடுத்துக்காட்டு.)

'காலை 10.40. பள்ளி வாயிலிலிருந்து ஏறக்குறைய 30 மீட்டர் தள்ளி நின்றேன். வெள்ளை வேன் வந்தது, பதிவெண் பலகை துணியால் மூடியிருந்தது. ஏழு பேர் இறங்கினார்கள், இருவர் கையில் இரும்புக் கம்பி. வரிசையில் நின்ற நடுவயது ஆண் ஒருவரைத் தலையில் ஒரு முறை அடித்ததைப் பார்த்தேன். வரிசையில் சுமார் நாற்பது பேர் இருந்தார்கள், எல்லோரும் கலைந்தார்கள். வாயிலில் இரண்டு காவலர்கள் நின்றார்கள், இடத்தைவிட்டு நகரவில்லை. 10.52க்கு வேன் கிளம்பியது. 11.30 வரை வரிசைக்குத் திரும்பியவர்கள் பதினொரு பேர். வந்தவர்கள் இன்ன கட்சி என்று பக்கத்தில் இருந்த பெண் சொன்னார். எனக்கு நேரடியாகத் தெரியாது.'

இதில் திட்டு இல்லை, முடிவும் இல்லை. பார்த்தது, கேட்டது, தெரியாதது என்று மூன்றும் பிரிந்து நிற்கின்றன. இதன் உயிர் கம்பியில் இல்லை, அந்தப் பதினொன்றில் இருக்கிறது. நாற்பதில் பதினொன்றுதான் திரும்பி வந்தது என்றால் மற்றவர்களின் வாக்குரிமை அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் பறிபோயிருக்கலாம். அடுத்தது அந்த இரண்டு காவலர்கள். ஒரு கட்சிக்காரன் அடித்தால் அது குற்றம். அரசு ஆட்கள் அடித்தால், அல்லது தடுக்க வேண்டியவர்கள் கைகட்டி நின்றால், புகாரை வாங்க மறுத்தால், அங்கே மனித உரிமை மீறல் என்ற கேள்வி எழுகிறது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 25ஆம் பிரிவு வாக்களிக்கும் உரிமையையும் போட்டியிடும் உரிமையையும் சொல்கிறது. அந்த உரிமைகளைக் காக்கும் பொறுப்பு, கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்ட அரசுக்கு உண்டு. அதனால் அடித்தவரைப் பார்க்கும்போதே ஒரு கண் சீருடை மீதும் இருக்கட்டும்.

போனைப் பற்றி. முதலில் சட்டம் தெரிந்துகொள்ளுங்கள். பல நாடுகளில் வாக்குச்சாவடிக்குள் படம் எடுக்கத் தடை உண்டு. மீறினால் உங்கள் அனுமதி அட்டை போகும், உங்கள் அமைப்பின் பெயரும் போகும். வெளியே எடுக்கலாம் என்றால் முதலில் இடம் தெரிவதுபோல் அகலமாக எடுங்கள்: ஒரு கட்டடம், ஒரு பெயர்ப் பலகை, ஒரு தெருமுனை. பிறகு மெதுவாக நெருங்கிக் காட்டுங்கள். வரிசையில் நிற்பவர்களின் முகத்தை வளைத்து வளைத்து எடுக்க வேண்டாம். மூலக் கோப்பை வெட்டாதீர்கள், பெயர் மாற்றாதீர்கள், எழுத்து ஒட்டாதீர்கள். சாதாரணமாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரமும் குறையும், எடுத்த நேரம் போன்ற உள்விவரங்களும் கழன்றுவிடும். அனுப்பியே ஆக வேண்டுமானால் 'ஆவணம்' என்ற வழியில் அனுப்புங்கள், மூலத்தை வைத்திருங்கள். இணையத்தில் கிடைக்கும் காட்சிகளை ஆதாரமாக்குவது பற்றி ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் பெர்க்லி பல்கலைக்கழகமும் சேர்ந்து வெளியிட்ட பெர்க்லி நெறிமுறை இருக்கிறது, உங்கள் ஒருங்கிணைப்பாளர் அதை ஒருமுறை புரட்டுவது நல்லது. நேற்று நடந்ததாகச் சொல்லி வரும் காணொளி ஐந்து வருடம் பழையதாக இருப்பது தேர்தல் காலத்தில் சர்வசாதாரணம்.

நீங்களே காணொளியைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். ஆசையாக இருக்கும், தெரியும்.

காவலில் வைப்பது வேறு வகைப் பதிவு. அங்கே நேரம்தான் முக்கியம். யார் பிடித்தார்கள், எந்த வண்டி, எத்தனை மணிக்கு, எந்த நிலையம், காரணம் சொன்னார்களா, குடும்பத்துக்குத் தகவல் போனதா, நீதிபதி முன் எப்போது நிறுத்தினார்கள். பெலாரஸில் 2020 ஆகஸ்ட் 9 தேர்தலுக்குப் பிந்தைய சில நாட்களில் 6,000க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தார்கள். விடுதலையானவர்கள் உடலில் இருந்த காயங்களின் படங்கள்தான் உள்ளே நடந்ததை வெளியே கொண்டுவந்தன. வெளியே வந்தவரை அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்புங்கள். காயத்தைப் பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள், இரண்டு நாள் கழித்து மறுபடியும். கன்றிய காயம் தாமதமாகத்தான் நிறம் காட்டும்.

மருத்துவமனைச் சீட்டு எத்தனை பேசும் என்பதற்கும் கென்யாவே சாட்சி. வாக்கி ஆணையம் கணக்கிட்ட 1,133 மரணங்களில் 405 துப்பாக்கிக் குண்டால் நேர்ந்தவை. ஊர்க்காரர்கள் ஊர்க்காரர்களை வெட்டிக்கொண்டார்கள் என்று மட்டும் கதையை முடித்துவிடாமல், காவல்துறையை நோக்கியும் கேள்வி எழுப்ப வைத்தது அந்த எண்.

பாலியல் வன்முறை பற்றி யாராவது சொன்னால் நீங்கள் விசாரணை நடத்தாதீர்கள். விவரம் கேட்டுத் துருவ வேண்டாம். திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது அவரைச் சிதைக்கும், வழக்கையும் கெடுக்கும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அவசரக் கருத்தடைக்கு ஐந்து நாள் வரை நேரம் உண்டு. அதைச் சொல்லி, அவர் விரும்பினால் மருத்துவமனைக்குக் கூட்டிப்போகப் பெண் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். பதிவு அப்புறம்.

யாரிடம் கொடுப்பது? உங்கள் அமைப்பிடம் முதலில். அங்கிருந்து தேர்தல் ஆணையம், காவல்துறை, தேசிய மனித உரிமை ஆணையம் என்று போகட்டும். ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர்களுக்கு (மனித உரிமைப் பிரச்சினைகளை ஆராய்ந்து அறிக்கை தரும் தனி நிபுணர்கள்) யார் வேண்டுமானாலும் எழுதலாம். எங்கே கொடுத்தாலும் பெற்றுக்கொண்டதற்கு எண்ணோ கையெழுத்தோ வாங்குங்கள், வாங்க மறுத்தால் அதையே ஒரு சம்பவமாக எழுதுங்கள். காலக்கெடுவை இப்போதே விசாரித்து வையுங்கள். கென்யாவில் அதிபர் தேர்தல் முடிவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போக ஏழே நாள்தான். அந்த அவகாசத்துக்குள் ஆவணங்களோடு போனதால்தான் 2017 ஆகஸ்ட் தேர்தலை அந்த நீதிமன்றம் ரத்து செய்ய முடிந்தது. அங்கே பேசியது முடிவுகளை அனுப்பிய முறையும் படிவங்களும், வன்முறை அல்ல. ஆனால் கெடு எல்லோருக்கும் ஒன்றுதான்.

இணையம் இருக்கும் என்று நம்பித் திட்டம் போட வேண்டாம். உகாண்டாவில் 2021 ஜனவரி 14 வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் துண்டித்த இணையம் ஐந்து நாள் போல வரவேயில்லை. காகிதம், சாதாரணக் குறுஞ்செய்தி, நேரில் போய்ச் சொல்லும் ஆள் என்று மூன்றாவது வழிவரை முடிவு செய்து வைத்திருங்கள். தனியாகப் போகாதீர்கள். எப்போது இடத்தைவிட்டுக் கிளம்புவது என்பதை உடன் வருபவரோடு முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் போகலாம் என்றால் இருவரும் போக வேண்டும், விவாதம் கூடாது.

இந்த வாரமே உங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: சாட்சிகளின் பெயர்ப் பட்டியல் இரவில் எங்கே இருக்கும், அதைத் திறக்க யார் யாரால் முடியும்? அவரிடம் தெளிவான பதில் இல்லையென்றால், வரும்வரை ஒரு பெயரையும் எழுதாதீர்கள். நேரம், இடம், எண்ணிக்கை மட்டும் எழுதிக்கொண்டிருங்கள்.