பி 0340 காட்டினால் கேம்ஷாஃப்ட் சென்சரை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

ஏற்றத்தில் கார் நின்றுபோகிறது, அரைமணி நேரம் ஆறவிட்டால் மீண்டும் ஸ்டார்ட் ஆகிறது, ஸ்கேனரில் பி 0340 என்ற பிழைக் குறியீடு வருகிறது, கராஜில் கேம்ஷாஃப்ட் பொசிஷன் சென்சரை (வால்வுகளைத் திறக்கும் தண்டு எந்த நிலையில் இருக்கிறது என்று அறிவிக்கும் சென்சரை) மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்ற வேண்டியும் வரலாம். ஆனால் அந்தக் குறியீடு சென்சர் பழுதாகிவிட்டது என்று சொல்வதில்லை. சென்சர், அதன் சொக்கட், அங்கிருந்து ஈசியு எனும் எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி வரை போகும் வயர் ஆகியவற்றில் எங்கோ கோளாறு இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். தலவாக்கலையைத் தாண்டி லிந்துலை வழியாக நானுஓயாவுக்கு ஏறும்போது என் கார் இரண்டு முறை நின்றது. கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையிலிருந்து பாவித்த சென்சர் ஒன்றை வரவழைத்துப் போட்டேன். இரண்டு வாரத்தில் அதே வளைவில் மறுபடியும் நின்றது. பிறகு ஹட்டனில் ஒரு வயதான பாஸ் (மெக்கானிக்) என்னிடம் கேட்ட முதல் கேள்வி, நின்றவுடனேயே சாவியைத் திருப்பிப் பார்த்தீர்களா என்பதுதான். நான் பார்த்ததே இல்லை. சூட்டினால் நிற்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டு ஒவ்வொரு முறையும் ஓரமாய் நிறுத்திக் காத்திருந்தேன்.

அவர் கேட்டதில் காரணம் இருந்தது. ஆறவிடாமல் உடனேயே ஸ்டார்ட் ஆனால், நிற்பதற்குக் காரணம் சூடாக இருக்க வாய்ப்புக் குறைவு. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் கேம் சிக்னல் மட்டும் அறுந்தால், பல கார்கள் எஞ்சினின் பிரதான தண்டு சுழல்வதைக் கவனிக்கும் கிராங்க் சென்சரை வைத்துக்கொண்டு தொடர்ந்து ஓடும். அடுத்த முறை ஸ்டார்ட் ஆகத்தான் நேரமெடுக்கும். சட்டென்று நின்றுவிட்டால் கிராங்க் சென்சரையும், பல சென்சர்களுக்குப் பொதுவாகப் போகும் 5 வோல்ட் வயரையும் சந்தேகிக்க வேண்டும். பாஸ் எஞ்சினின் பின்புறம் டோர்ச் அடித்துக் காட்டினார்: ஓர் இரும்புப் பட்டையில் உரசி உரசி வயரின் மேலுறை தேய்ந்து, அரை அங்குல நீளத்துக்குச் செம்பு மின்னியது. ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது எஞ்சின் சற்றே சாய, அந்த இடம் பட்டையில் பட்டு எர்த் ஆகியிருக்கிறது.

ஆகவே முதலில் சொக்கட்டைக் கழற்றி, உள்ளே ஒயில் இறங்கியிருக்கிறதா, ஈரத்தில் பின்கள் பச்சை பூத்திருக்கின்றனவா என்று பாருங்கள். மூன்று வயர் உள்ள சென்சர் என்றால் சாவியை ஒன் செய்து மல்டிமீட்டரால் அளக்கலாம்: ஒரு வயரில் காரைப் பொறுத்து 5 அல்லது 12 வோல்ட் வர வேண்டும். பின்பு சொக்கட்டை மீண்டும் மாட்டி, பின்பக்கமாக மீட்டர் ஊசியை வைத்து, கிராங்க் போல்ட்டை ஸ்பானரால் மெதுவாகச் சுழற்றினால் சிக்னல் வயரில் வோல்ட் ஏறி இறங்க வேண்டும். இரண்டு வயர் வகையில் சென்சருக்கு வெளியிலிருந்து மின்சாரம் வராது. அதன் ஓம் அளவைத் தயாரிப்பாளரின் கையேட்டோடு ஒப்பிட வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் சூட்டில் மட்டும் கோளாறு வந்தால், ஹெயார் ட்ரையரால் சென்சரைச் சூடாக்கிச் சிக்னலைப் பாருங்கள். அப்போது அறுந்தால் மாற்றத் தயங்க வேண்டாம். கேம், கிராங்க் தண்டுகளின் நிலை ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று சொல்லும் பி 0016 உம் சேர்ந்து வந்து, காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்கையில் கடகடவென்ற சத்தமும் கேட்டால், அது பெரும்பாலும் அந்த இரு தண்டுகளையும் இணைக்கும் டைமிங் செயின் விவகாரம். சென்சரை மாற்றிப் பயனில்லை.

கழற்ற நேர்ந்தால் சென்சரின் நுனியில் ஒட்டியிருக்கும் இரும்புத் தூளைத் துடைத்துவிட்டு, ஓ ரிங் எனும் ரப்பர் வளையத்தையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழையதையே போட்டால் அங்கிருந்து ஒயில் கசியத் தொடங்கலாம்.