கொண்டியும் எடை மேடையும்

கேள்வி: பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்க்கிறேன். சனிக்கிழமை பீஸ் ரேட் சம்பளம் போடும்போது ஆரக்கிள் டேட்டாபேஸ் அப்படியே நின்றுவிடுகிறது. ரிப்போர்ட்டில் 'லாட்ச்: ஷேர்டு பூல்' என்று வருகிறது. லாக்கும் லாட்சும் ஒன்றா? 10046 ஈவென்ட் போடச் சொல்கிறார்கள். போடலாமா?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: ஒன்றில்லைங்க. லாக் என்பது கரும்பு ஆலை எடை மேடை. வண்டிகள் வரிசையில் நிற்கும்; மேலே நிற்பவர் கமிட் பண்ணி, அதாவது தன் மாற்றத்தை உறுதி செய்து, இறங்கினால்தான் அடுத்தவர் ஏறலாம். லாட்ச் வெறும் கதவுக் கொண்டி. எல்லோருக்கும் பொதுவான மெமரியில் ஒரு பட்டியலைத் தொடுகிற மைக்ரோ செகண்டுகளுக்கு மட்டும் போட்டு எடுப்பது. முன்னால் வந்தவருக்குத்தான் முதலில் என்ற ஒழுங்கும் இல்லை.

கொண்டி போட்டிருந்தால், வந்த ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் வேலை) உடனே தூங்கப் போகாது. தூங்கி எழுகிற நேரத்துக்குள் கதவு திறந்துவிடும் என்று அங்கேயே சுற்றும். இதற்குப் பெயர் ஸ்பின். சுற்றுவதற்கும் சிபியு வேணுமில்லீங்களா? அதனால்தான் சிபியு 100 காட்டும், சம்பளம் மட்டும் நகராது.

உங்கள் ப்ரோக்ராம் தொழிலாளி எண்ணை எஸ்க்யூஎல் வரியிலேயே (டேட்டாபேஸுக்குக் கொடுக்கிற கட்டளையிலேயே) ஒட்டி அனுப்புகிறதோ என்று எனக்குச் சந்தேகம். அப்படியானால் 600 பேருக்கு 600 புது வரி. ஒவ்வொன்றையும் முதலிலிருந்து பார்ஸ் பண்ணி (பிரித்துப் புரிந்துகொண்டு), அதை வைக்க ஷேர்டு பூல் என்கிற பொது மெமரியில் இடம் தேட வேண்டும், தேடும்போதெல்லாம் கொண்டி. பல்லடத்தில் ஒரு மில்லில் இதே தொல்லைக்கு நான் ஷேர்டு பூலைப் பெரிதாக்கினேன். பழைய ஆரக்கிள் 8. துண்டு துக்காணியாகக் கிடந்த காலியிடப் பட்டியல் இன்னும் நீண்டு, நிலைமை மோசமானதுதான் மிச்சம். பைண்ட் வேரியபிள் போட்டு எழுதச் சொல்லுங்கள்; வரி ஒன்றே, எண் மட்டும் தனியாகப் போகும். எழுதியவர் கையில் சிக்கவில்லையென்றால், கர்சர் ஷேரிங் என்கிற ஆரக்கிள் செட்டிங்கை ஃபோர்ஸ் என்று வைத்து ஒப்பேற்றலாம்; வரியில் ஒட்டிய எண்ணை ஆரக்கிளே பிரித்துக்கொள்ளும். முதலில் டெஸ்ட் சர்வரில்.

ஈவென்ட் என்ற சொல்தான் உங்களைக் குழப்புகிறது. ரிப்போர்ட்டில் வந்தது வெயிட் ஈவென்ட். எதற்காகக் காத்திருந்தது என்ற கணக்கு. 10046 நாமாகத் திருப்புகிற ஸ்விட்ச்; போட்டால் நடப்பதை ஒரு பைலில் எழுதிக்கொண்டே போகும். லெவல் 8 காத்திருப்புகளை எழுதும், 4 பைண்ட் மதிப்புகளை, 12 இரண்டையும். சம்பளம் போடுகிற அந்த ஒரு செஷனுக்கு (இணைப்புக்கு) மட்டும் போடுங்கள், பைலை டிகேப்ரூஃபில் (அதைச் சுருக்கிக் காட்டுகிற ஆரக்கிள் கருவி) கொடுத்துப் படியுங்கள். பார்ஸ் எண்ணிக்கை விஷயத்தைச் சொல்லிவிடும். முடிந்ததும் மறக்காமல் ஆஃப் பண்ணுங்கள். நான் ஒரு தரம் டேட்டாபேஸ் முழுவதற்கும் போட்டுவிட்டுக் கோபிக்குப் பஸ் ஏறிவிட்டேன். பெருந்துறை தாண்டுவதற்குள் டிஸ்க் நிறைந்துவிட்டதென்று போன்.