நவஹோ வெள்ளி, டர்க்காய்ஸ் நகைகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அண்மையில் வாங்கிய பழைய காப்பில் எந்த முத்திரையும் இல்லை. போலி என்று கொள்ளலாமா?

பதில்: அப்படிக் கொள்ள வேண்டியதில்லை. அமெரிக்கத் தென்மேற்கின் பூர்வகுடியினரான நவஹோ மக்களில், 1930களுக்கு முன் தம் முத்திரையைக் குத்திய கைவினைஞர்கள் மிகச் சிலரே. 1970களை ஒட்டித்தான் அது பரவலான வழக்கமாயிற்று. 925 என்ற எண் வெள்ளியின் தரத்தைச் சொல்லுமே தவிர, செய்தவர் யார் என்பதைச் சொல்லாது. போலி செய்பவர்களும் அதைத் தாராளமாகக் குத்துகிறார்கள். முத்திரையை நம்பாமல், காப்பைத் திருப்பிப் பின்புற வேலைப்பாட்டைப் பாருங்கள் என்பதையே மீண்டும் எழுத வேண்டியிருக்கிறது.

கேள்வி: மோதிரத்தின் நீல டர்க்காய்ஸ் கல் பச்சையாகி வருகிறது. பழைய நிறம் திரும்புமா?

பதில்: திரும்பாது. வியர்வையும் எண்ணெயும் வாசனைத் திரவியமும் கல்லுக்குள் இறங்கிவிட்டன. இனியாவது கை கழுவும்போது கழற்றி வையுங்கள்.

கேள்வி: படம் அனுப்பியுள்ளேன். அசலா? என்ன விலை பெறும்?

பதில்: முன்பக்கத்தை மட்டும் மங்கலாக எடுத்து, எடையும் அளவும் வாங்கிய இடமும் குறிப்பிடாமல் விலை கேட்டால் எவராலும் பதில் சொல்ல முடியாது. பின்புறம், கல் பதித்த இடத்தின் ஓரம், பற்றவைத்த இடம் ஆகியவற்றைத் தெளிவாகப் படமெடுத்து அனுப்புங்கள்.

கேள்வி: நெடுஞ்சாலைக் கடையில் ‘நவஹோ பாணி’ மாலை 100 டாலருக்குக் கிடைத்தது. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும்போது, கைவினைஞருக்குப் பத்து மடங்கு ஏன் கொடுக்க வேண்டும்?

பதில்: ஒன்றுபோல் இருக்கிறது என்பதையே நான் ஏற்கவில்லை. பழைய அரத்தையோ எஃகுத் துண்டையோ தாமே தேய்த்து அச்சாக்கிக்கொண்டு, கைவினைஞர் வெள்ளித் தகட்டில் வடிவங்களை ஒவ்வோர் அடியாகச் சுத்தியால் இறக்குகிறார். அதனால் ஓர் அடி சற்று ஆழமாகவும் அடுத்தது சற்று மேலோட்டமாகவும் விழுந்து, விளிம்புகள் கூர்மையாக நிற்கும். அசலிலிருந்து அச்செடுத்து வார்த்த நகலில் அந்த விளிம்பு மழுங்கியிருக்கும், பள்ளத்துக்குள் ஊசிமுனைப் பொத்தல்களும் தெரியக்கூடும்; பார்க்கப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். அத்தகைய மாலைகளில் பதித்திருப்பதும் பெரும்பாலும் டர்க்காய்ஸ் போலத் தோன்றச் சாயமேற்றிய ஹௌலைட் என்ற வெள்ளைக் கல் அல்லது வெறும் பிளாஸ்டிக்.

நியூ மெக்ஸிகோவின் போஸ்கே ரெடோண்டோ முகாமில் அமெரிக்க ராணுவத்தால் கைதிகளாக வைக்கப்பட்டிருந்து 1868இல் தம் நிலத்துக்கு மீண்ட மக்கள், தலைமுறை தலைமுறையாக வளர்த்த தொழில் இது. இன்றும் பல குடும்பங்கள் இதை நம்பியே வாழ்கின்றன. பூர்வகுடியினர் செய்யாத பொருளை அவர்கள் செய்ததாகக் காட்டி விற்றால், அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் குற்றத்துக்கே இரண்டரை லட்சம் டாலர் வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் உண்டு. ஆனால் பிலிப்பைன்ஸில் செய்த நகைகளை அப்படி விற்ற நியூ மெக்ஸிகோ வணிகர் ஒருவருக்கு 2018இல் விதிக்கப்பட்ட சிறைத்தண்டனை ஆறு மாதம்தான். ‘பாணி’ என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டு தப்பிக்கப் பார்க்கும் வணிகர்களிடம் மலிவைத் தேடிப் போகிறவர்களும் இந்தக் கேட்டுக்குத் துணைபோகிறார்கள் என்றே சொல்வேன். நியூ மெக்ஸிகோவின் சாண்டா ஃபே நகரில் பழைய ஆளுநர் மாளிகையின் தாழ்வாரத்தில் செய்தவர்களிடமே நேரில் வாங்கலாம். எங்கு வாங்கினாலும் கைவினைஞரின் பெயர், இனக்குழு, கல் இயற்கையானதா, ரெசின் என்ற பிசினை ஏற்றிக் கெட்டிப்படுத்தியதா என்பவற்றை ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கும் கடையில் நிற்காதீர்கள்.

கேள்வி: பழைய காப்பில் ஸ்வஸ்திகா இருக்கிறது. அமெரிக்காவில் அணியத் தயக்கமாக இருப்பதால் ராவி எடுத்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து அரத்தைத் தொடாதீர்கள். அது சுழலும் மரக்கட்டைகளைக் குறிக்கும் நவஹோ மரபுச் சின்னம். நாஜிகளின் கொடுமையைக் கண்டித்து, நவஹோ உள்ளிட்ட நான்கு இனக்குழுக்கள் 1940இல் இதைக் கைவிடுவதாக அறிவித்தன; ஆகவே உங்கள் காப்பு அதற்கு முந்தியதாக இருக்கலாம். பழமை காட்டுவதற்காகப் புதிய நகலிலும் இதைக் குத்துவதுண்டு என்பதால், பின்புறத்தைப் பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள். அணியத் தயங்கினால் பெட்டியில் வைத்திருங்கள்.

கேள்வி: கறுத்த வெள்ளியை நகை கழுவும் திரவத்தில் முக்கலாமா?

பதில்: கூடாது. கல்லும் கெடும், அச்சுப் பள்ளங்களில் வேண்டுமென்றே விட்டிருக்கும் கருமையும் போய்விடும். உலர்ந்த பருத்தித் துணியால் மேடான பகுதிகளை மட்டும் துடையுங்கள்.