தாதர் பாலத்தில் ரெஃப்ரி கிடையாது

கேள்வி: எட்டு வருடமாகக் கராத்தே கற்கிறேன், பிளாக் பெல்ட். போன மாதம் ராத்திரி ஒன்பது மணிக்கு தாதர் ஸ்டேஷன் பாலத்தில் கூட்டத்தோடு போகும்போது ஒருவன் என் தங்கையைத் தொடக்கூடாத இடத்தில் தொட்டான். அவன் கையைப் பிடித்து முறுக்கினேன். திமிறினான், காலை வாரிவிட்டேன். விழுந்தவன் வாயில் ஒரு குத்தும் விட்டேன். பழகிப் பழகி கை தானாகப் போய்விட்டது. பல் உடைந்து, ரத்தத்தோடு எழுந்து ஓடிவிட்டான். ‘உன்னைக் கராத்தேக்கு அனுப்பியதே தப்பு’ என்கிறார் அம்மா. ‘பிளாக் பெல்ட்காரன் கை சட்டப்படி ஆயுதம், கேஸ் ஆனால் தொலைந்தாய்’ என்கிறார்கள் நண்பர்கள். நான் செய்தது தப்பா?
- பெயர் வேண்டாம், தாராவி

பதில்: முதலில் நண்பர்கள். பிளாக் பெல்ட் வாங்கியவன் கையை போலீஸில் பதிவு செய்ய வேண்டும், அது ஆயுதம் என்றெல்லாம் நம் நாட்டில் சட்டம் கிடையாது. டீக்கடையில் பிறந்த சட்டம் அது.

உண்மையான சட்டம் உங்கள் பக்கம்தான் நிற்கிறது, கொஞ்ச தூரம் வரை. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு, தன் உடலை மட்டுமல்ல, அடுத்தவர் உடலையும் காக்கும் உரிமையைத் தருகிறது. ஆபத்து வந்தால் ஓடித்தான் ஆக வேண்டும் என்றும் சட்டம் சொல்வதில்லை. ஆக, தங்கைக்காகக் கையை முறுக்கியது சரி. திமிறியவனைக் கீழே தள்ளியதும் சரி. அம்மாவிடம் இதைத் தைரியமாகச் சொல்லுங்கள். கராத்தே கற்காத அண்ணனாக இருந்தால் அந்தக் கூட்டத்தில் வெறுமனே கத்திக்கொண்டு நின்றிருப்பீர்கள். நானும் முப்பது வருடமாக இந்த ஊர் லோக்கல் ரயிலில் போய்வருகிறேன். ஒரே ஒரு தடவை ஒருவனைக் குடையைக் காட்டி மிரட்டியதோடு என் வீரம் முடிந்தது.

உங்கள் கடிதத்தில் நான் நின்றுவிட்ட இடம் ‘கை தானாகப் போய்விட்டது’ என்ற வரி. தானாகப் போகவில்லை, தம்பி. நீங்கள் அனுப்பிப் பழக்கியிருக்கிறீர்கள். போட்டிக் கராத்தேயில் எதிராளியை வாரி வீழ்த்தி, உடனே ஒரு குத்தைக் கணக்காக வைத்தால் அது இப்பான், மூன்று பாயின்ட். சாதாரணக் குத்துக்கு ஒரு பாயின்ட்தான். அதனால் போட்டிக்குப் போகிற பிள்ளைகள் எல்லாரும் வாரலையும் குத்தையும் ஒரே மூச்சில் போட்டுப் பழகுவார்கள். போட்டிக் களத்தில் அது நியாயமான ஆட்டம். குத்து அளந்து விழும், எதிரே இருப்பவர் வாயில் பல்லைக் காக்கும் கார்டு இருக்கும், ‘யாமே’ (நிறுத்து) என்று ரெஃப்ரி குரல் கொடுத்ததும் இரண்டு பேரும் விலகிவிடுவார்கள். பாலத்தில் அந்தக் குரலை நீங்களே உங்களுக்குக் கொடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கொடுக்கவில்லை.

சட்டமும் அங்கேதான் உங்களை விட்டு விலகுகிறது. ஆபத்து இருக்கிறது என்ற நியாயமான அச்சம் நீடிக்கும்வரைதான் தற்காப்பு உரிமை. தேவைக்கு மேல் காயம் கூடாது. பல் உடைவது சட்டத்தின் பார்வையில் சின்னக் காயமில்லை, கொடுங்காயம். தற்காப்பு என்று ஏற்கப்படாவிட்டால் 117-ஆம் பிரிவில் ஏழு வருடம் வரை போகலாம். சம்மன் எதுவும் வந்தால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் வக்கீலைப் பாருங்கள்.

‘அந்த நேரத்தில் தராசு வைத்து அளக்க முடியுமா?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தாக்கப்படுகிறவன் ஒவ்வொரு அடியையும் கணக்குப் பார்த்துத் திருப்பித் தர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்று 2010-இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அந்தச் சலுகையை, பதறிப்போய் கையில் கிடைத்த பூரிக்கட்டையால் ஓங்கி அடித்த ஒரு பெண்மணிக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பேன். உங்களுக்குக் கொடுக்கக் கை வரவில்லை. எட்டு வருடம் நீங்கள் பணம் கட்டிக் கற்றதே பதறாமல் இருக்கவும், அடியை அளக்கவும்தானே? கராத்தேயில் முதல் அடி கிடையாது என்றார் நவீன கராத்தேயின் தந்தை எனப்படும் ஃபுனாகோஷி. உங்கள் முதல் அடி பற்றி எனக்குப் புகார் இல்லை. கடைசி அடி பற்றித்தான். நம் வர்ம ஆசான்கள்கூட, அடிக்கிற இடத்தைச் சொல்லித் தந்தால் அடிபட்டவரை மீட்க இளக்குகிற முறையையும் சேர்த்தே சொல்லித் தருவார்கள்.

இன்னொன்று. அவன் செய்தது 74-ஆம் பிரிவில் வரும் குற்றம், குறைந்தது ஒரு வருடம் சிறை. ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத அப்படிப்பட்ட குற்றம் கண்ணெதிரே நடந்தால், போலீஸ் அல்லாத யாரும் அந்த ஆளைப் பிடிக்கலாம். தாமதிக்காமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸில் ஒப்படைக்க வேண்டும், அவ்வளவுதான். முறுக்கிய கையை விடாமல், கீழே அமுக்கிப் பிடித்திருந்தால் போதும். ரயில்வே போலீஸ் அதே ஸ்டேஷனில்தான் இருக்கிறது. அந்தப் பிடி உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? நீங்கள் குத்தினீர்கள், அவன் ஓடினான். இப்போது அவன் பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. ஒரு பல் குறைந்தவனாக நாளைக்கு அதே பாலத்தில் நடப்பான்.

கடிதம் முழுக்கத் தேடிப் பார்த்தேன், உங்கள் தங்கை ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா சொன்னது இருக்கிறது, நண்பர்கள் சொன்னது இருக்கிறது. அவளுக்குப் புகார் கொடுக்க வேண்டும் என்று இருந்ததா? இல்லை, சீக்கிரம் அங்கிருந்து போய்விட்டால் போதும் என்று இருந்ததா? கேட்டீர்களா? நடந்தது அவளுக்கு. நீங்கள் எழுதியதைப் படித்தால் நடந்தது உங்களுக்கு என்று தோன்றுகிறது.

அடுத்த வகுப்பில் மாஸ்டரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள். வாரிவிட்டு, கையை விடாமல், குத்தாமல் நிற்பதை நூறு தடவை போடச் சொல்வார். அலுப்பாக இருக்கும், போடுங்கள். அப்புறம், தங்கைக்கு இஷ்டம் என்றால் அவளுக்கும் சேர்த்து ஃபீஸ் கட்டுங்கள்.